‘அங்கே குடி உண்டா?’ என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடலாமா?

உயர்தரப் பெறுபேறு வெளிவந்து, வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்பட்டு, பல்கலைக்கழகப் பதிவுக்கான கடிதம் வீட்டுக்கு வரும் நாட்களில், பெற்றோர்கள் ஆசிரியர்களைத் தேடி வருவது எமது மாவட்டத்தில் வழமை. கிண்ணியா, மூதூர், தோப்பூர், குச்சவெளி, புல்மோட்டை, நகரத்தில் ஜமாலியா என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் அவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “சேர், அங்க குடி கிடி எல்லாம் இருக்காம் எண்டு சொல்றாங்க, உண்மையா?” இல்லை என்று யாராவது உறுதி சொல்லிவிட்டால் முகம் மலர்ந்துவிடுகிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

இந்தக் கேள்வியில் தவறில்லை. மது ஹராம் என்பதில் எமக்குள் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் இந்த ஒரு கேள்வியோடு நாம் திருப்தியடைந்துவிடுவதால், அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது. ‘அங்கே என் பிள்ளை யாருக்குக் கீழ்ப்படிய வேண்டியிருக்கும்? அவர்கள் எதைச் சொன்னாலும் செய்ய வேண்டியிருக்குமா?’ பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் இறந்துபோன சம்பவங்களை எடுத்துப் பார்த்தால், சிலவற்றில் மது இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இந்தக் கீழ்ப்படிவு எல்லாவற்றிலும் இருக்கிறது.

திருகோணமலை மாவட்டத்துக்கு இது சாதாரண விடயமல்ல. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், மிகுதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பதினாறில் எமது மாவட்டமும் ஒன்று. யுத்தம், சுனாமி, இடம்பெயர்வு எல்லாவற்றையும் தாண்டி ஒரு மீனவரின் பிள்ளையோ விவசாயியின் பிள்ளையோ பெறும் ஓர் இடம் மூன்றாம் வாரத்தில் வெறுமையாகிவிட்டால், அந்த நட்டம் ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடப்பது

மதுவும் மாணவர் சங்கமும் ஒன்றாகக் கலந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அடிக்கடி சுட்டிக்காட்டும் நாடு அமெரிக்கா. அங்குள்ள பெரிய பல்கலைக்கழகங்களில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சகோதரத்துவச் சங்கங்கள் இருக்கின்றன. மாணவர்கள் சேர்ந்து வாழத் தனி வீடு, நாடு தழுவிய தலைமையகம், செல்வாக்குள்ள பழைய உறுப்பினர்கள் என்று அவை பலம் மிக்கவை. படிப்பு முடிந்த பிறகு தொழில் கிடைப்பதற்கும் அந்தத் தொடர்புகள் உதவுகின்றன. அதனால் சேர விரும்பும் புதிய மாணவன் முதலில் சில சோதனைகளைத் தாண்ட வேண்டும் என்கிறார்கள். அந்தச் சோதனை பல இடங்களில் மதுப்போத்தல்.

2017 பெப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 19 வயதான டிமதி பியாசா என்ற மாணவன் ‘பீட்டா தீட்டா பை’ சங்கத்தில் சேரச் சென்ற இரவில், 82 நிமிடங்களுக்குள் குறைந்தது 18 மதுபானங்கள் கொடுக்கப்பட்டதாக விசாரணையில் தெரியவந்தது. அவர் நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். விழுந்தவரைத் தூக்கி சோபாவில் போட்டார்கள். ஏறத்தாழ 12 மணித்தியாலங்கள் கழித்து, மறுநாள் காலையில்தான் அம்புலன்ஸை அழைத்தார்கள். அவர் இறந்துபோனார். இதில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அந்தச் சங்கத்தின் வீடு, விதிப்படி மது தடைசெய்யப்பட்ட வீடு. ‘இங்கே மது இல்லை’ என்ற உறுதியை அந்தப் பிள்ளையின் பெற்றோரும் நம்பியிருக்கலாம்.

அதே ஆண்டு செப்டெம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்ஸ் குரூவர் என்ற முதலாம் வருட மாணவன் இறந்தார். சங்கத்தைப் பற்றியும் கிரேக்க எழுத்துகள் பற்றியும் சீனியர்கள் கேள்வி கேட்பார்கள். பிழையாகப் பதில் சொன்னால் கடும் மதுவைக் குடிக்க வேண்டும். அவரது இரத்தத்தில் இருந்த மதுவின் அளவு, வாகனம் செலுத்துபவர்களுக்கு அங்கே அனுமதிக்கப்படும் எல்லையின் ஆறு மடங்கு. 2021 மார்ச்சில் ஒஹையோவின் போலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் ஸ்டோன் ஃபோல்ட்ஸ் என்ற மாணவனிடம் ஒரு முழுப்போத்தலைக் கொடுத்து முடிக்கச் சொன்னார்கள். அவரும் மூன்று நாட்களில் இறந்தார்.

அமெரிக்காவில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்க முடியாது. இலங்கையிலும் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வயதெல்லை 21 தான். ஆகவே சட்டம் இல்லாததால் இவர்கள் இறக்கவில்லை. கடையில் விற்க முடியாததை ஒரு சீனியரின் கையிலிருந்து வாங்கிக் குடிக்காமல் இருக்க அந்தப் பிள்ளைக்குத் தைரியம் இருக்கவில்லை. மறுத்தால் அந்தக் கூட்டத்தில் அவனுக்கு இடமில்லை.

மது இல்லாமலும் இறந்தவர்கள்

இதையெல்லாம் வாசித்துவிட்டு ‘குடிகாரர்களின் கூட்டம், எங்களுக்கென்ன’ என்று நாம் நினைக்கக்கூடும். அதே நாட்டில் இன்னும் இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம்.

2011 நவம்பரில் புளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற அணிவகுப்பு இசைக்குழுவில் இருந்த ரொபர்ட் செம்பியன், பஸ் ஒன்றுக்குள் சக மாணவர்களின் அடிகளுக்கு மத்தியில் நடந்துபோகும் ஒரு சடங்குக்குப் பின் இறந்தார். அங்கே போத்தலுக்கு வேலையே இருக்கவில்லை. ஒரு பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை அடி வாங்கிக்கொண்டு போனால் மரியாதை கிடைக்கும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

2013 டிசம்பரில் நியூயோர்க்கின் பரூக் கல்லூரி மாணவன் மைக்கல் டெங் இறந்த விதம் எம்மை இன்னும் யோசிக்க வைக்க வேண்டும். அவர் சேர்ந்தது ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கான ஒரு சங்கத்தில். கண்ணைக் கட்டி, பாரமேற்றிய பையை முதுகில் மாட்டி, உறைந்த நிலத்தில் நடக்கவிட்டு, மற்றவர்கள் பாய்ந்து அவரைத் தள்ளி வீழ்த்தினார்கள். ஆசிய மக்கள் அந்நாட்டில் பட்ட கஷ்டத்தை உணர்த்துவதுதான் அந்தச் சடங்கின் நோக்கமாம். தம் இனத்தின் துயரத்தைக் கற்பிப்பதாகச் சொல்லி தம் இனத்துப் பிள்ளையையே கொன்றுவிட்டார்கள். அவர் மயங்கிக் கிடந்தபோது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல், உடை மாற்றுவதிலும் இணையத்தில் அறிகுறிகளைத் தேடுவதிலும் நேரம் போனது. சிறுபான்மையினராகிய எமக்கு இந்தக் கதை தூரத்துக் கதையல்ல.

எமது நாட்டின் கணக்கு

இலங்கையில் இதற்குப் பெயர் பகிடிவதை. பெயரில் பகிடி முன்னால் நிற்கிறது. வரலாற்றில் வதைதான் முன்னால் நிற்கிறது. 1975 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் விடுதியில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி, சீனியர்களிடமிருந்து தப்ப மாடியிலிருந்து குதித்து நடக்கும் சக்தியை இழந்தார். 2002 இல் அவரது வாழ்க்கை முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்பதைப் பெண்பிள்ளைகளின் பெற்றோர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

1997 ஆம் ஆண்டில் இரண்டு மரணங்கள் நாட்டை உலுக்கின. ஒன்று பேராதனையில், பொறியியல் பீடத்தின் தமிழ் மாணவன் வரப்பிரகாஷுடையது. மற்றது எமது கிழக்கு மாகாணத்திலேயே, அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில், 21 வயதான கெலும் துஷார விஜேதுங்கவுடையது. துஷாரவைக் கடுமையான உடற்பயிற்சி செய்யவைத்ததோடு அளவுக்கு மீறி மதுவும் குடிக்கவைத்தார்கள். வரப்பிரகாஷின் கதையில் முதலிடம் பெறுவது உடற்பயிற்சி. இருவரது உயிரையும் எடுத்தது சிறுநீரகச் செயலிழப்பு.

‘இருந்து எழும்பச் சொன்னால் சாகிறதா’ என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பழக்கமில்லாத உடம்பை நூற்றுக்கணக்கான தடவை இருத்தி எழுப்பினால் தசைநார்கள் சிதைகின்றன. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் தேநீர்ச் சாயம் போல் கறுத்துப் போவது அதன் அடையாளம். வெயிலும் தண்ணீர்த் தாகமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மதுவும் இதைக் கூட்டும். ஆனால் மது இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

இந்த மரணங்களுக்குப் பிறகுதான் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தால் இரண்டு ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. அதன்போது பாலியல் தொந்தரவோ கொடுங்காயமோ ஏற்படுத்தினால் பத்து ஆண்டுகள் வரை. உடலுக்கு மட்டுமல்ல, மனதுக்கு வேதனையோ பயமோ உண்டாக்கும் செயலும் இச்சட்டத்தின் பார்வையில் பகிடிவதையே. தமிழ்நாட்டிலும் இப்படித்தான். 1996 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவன் நாவரசு கொலை செய்யப்பட்ட பிறகே 1997 இல் சட்டம் பிறந்தது. முதலில் ஒரு ஜனாஸா, பிறகு ஒரு சட்டம் என்பதே எல்லா நாட்டிலும் ஒழுங்காக இருக்கிறது.

சட்டம் வந்த பின்னரும் 2002 இல் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பகிடிவதையை எதிர்த்த மாணவன் சமந்த விதானகே கொல்லப்பட்டார். 2020 மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்தில் இரவு நிகழ்வு ஒன்றின்போது படிக்கட்டு வழியே உருட்டிவிடப்பட்ட டயர் ஒன்று மோதி பசிந்து ஹிருஷான் என்ற முதலாம் வருட மாணவன் தலையில் படுகாயமடைந்தார். 2025 ஏப்ரலில் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவன் சரித் தில்ஷான் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதையே காரணம் என்ற குற்றச்சாட்டின் பேரில் மாணவர்கள் சிலர் கைது செய்யப்பட்டனர். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் யுனிசெப்பும் இணைந்து 2022 இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்குச் சற்று மேற்பட்ட மாணவர்கள் வாய்மொழித் துன்புறுத்தலுக்கு ஆளானதாகக் கூறியிருந்தார்கள்.

துறைமுகத்தில் ஒரு பாடம்

திருகோணமலைக்காரர்களுக்கு இந்த விடயத்தில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1957 வரை எமது துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. அந்தக் கடற்படையில் மாலுமிகளுக்குத் தினமும் ரம் பங்கிடப்பட்டது. அந்த வழக்கம் 1970 ஜூலை 31 ஆம் திகதிதான் நின்றது. பூமத்திய ரேகையை முதன்முறையாகக் கடக்கும் இளம் மாலுமியை, ஏற்கெனவே கடந்தவர்கள் கூடி, முகத்தில் கண்டதைப் பூசி, சிரைத்து, தண்ணீரில் அமுக்கி எடுக்கும் சடங்கும் அவர்களிடம் இருந்தது. அமுக்கி எடுக்கப்பட்டவன் அடுத்த பயணத்தில் அமுக்குபவனாக மாறுவான்.

எமது பல்கலைக்கழகங்களில் புதியவர்களின் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதைக் கேள்விப்படும்போது எனக்கு இந்தச் சடங்குதான் ஞாபகத்துக்கு வரும். ரம் போய்விட்டது, வெள்ளைக்காரனும் போய்விட்டான். ‘நான் பட்டேன், நீயும் படு’ என்ற கணக்கு மட்டும் போகவில்லை. இது எமது மார்க்கத்திலும் இல்லை, எமது ஊர்ப் பண்பாட்டிலும் இல்லை. ஆனால் எமது பிள்ளைகள் இதைப் பாரம்பரியம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எமது வாசலில்

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எப்படி உருவானது என்பது எமக்குத் தெரியும். யுத்தச் சூழலால் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமல் நின்ற முஸ்லிம் மாணவர்களுக்காக, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் முழுமையான பல்கலைக்கழகமானது. பயத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகக் கட்டப்பட்ட இடம் அது. அங்கேயும் பகிடிவதைக் குற்றச்சாட்டில் 22 மாணவர்கள் இடைநிறுத்தப்பட்டதாக 2025 இல் செய்திகள் வந்தன. அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்களில் பலர் ‘எங்கட பிள்ளைகளா இப்படி’ என்று அதிர்ச்சியடைந்தார்கள். நான் அதிர்ச்சியடையவில்லை. குடிக்காத பிள்ளை யாரையும் வதைக்கமாட்டான் என்று நாமாகவே வைத்துக்கொண்ட எண்ணத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

நான் படிப்பித்த ஒரு மாணவன் தூர இடத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய் இருபது நாட்களில் திரும்பி வந்தான். ‘காலநிலை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டார் ஊருக்குச் சொன்னார்கள். பல மாதங்களுக்குப் பிறகுதான் அவன் என்னிடம் பேசினான். இரவு பதினொரு மணிக்கு வாடகை அறைக்கு வந்து எழுப்பி, விடியும்வரை நிற்கவைத்திருக்கிறார்கள். அவன் வாப்பாவின் தொழிலையும் அவன் பேசும் ஊர்ப் பாஷையையும் வைத்துப் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். “ஒருத்தரும் குடிக்கல்ல சேர். தொழுகைக்கு எல்லாம் போறவங்கதான்” என்றான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று அவன் திருகோணமலை நகரத்தில் கடையொன்றில் கணக்கெழுதுகிறான்.

பெரியவர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. நான் பயிற்சி பெற்ற ஆசிரியர் கலாசாலையில் புதிதாக வந்தவர்களை முதல் வாரங்களில் ஒரு வரிசையில் நடக்கவிட்டு, கதிரையில் ஏற்றிப் பாடவைத்து, மற்றவர்களின் சாப்பாட்டுத் தட்டுகளைத் தூக்கவைத்தார்கள். அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள். சிலர் பிள்ளைகளின் தந்தைமார். தமது வகுப்பில் இதை ஒரு மாணவன் செய்தால் கண்டிக்கக்கூடியவர்களே இதைச் செய்தார்கள், சிரித்துக்கொண்டே செய்தார்கள். ஆகவே இது வயதுக் கோளாறு என்ற விளக்கமும் போதாது.

ஏன் நிற்கவில்லை?

சட்டம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது, மரணங்களும் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் இது நிற்கவில்லை? என் அனுபவத்தில் தென்படும் காரணம் இதுதான். ஒரு புதிய மாணவனுக்கு முதல் மாதத்தில் தேவையானவை அனைத்தும் சீனியரின் கையில் இருக்கின்றன. தங்குவதற்கு அறை, பழைய வினாத்தாள்கள், நோட்ஸ், எந்த விரிவுரையாளர் எப்படி என்ற தகவல், மலிவான சாப்பாட்டுக் கடை, உடம்புக்கு முடியாமல் போனால் கூட வர ஓர் ஆள். கிண்ணியாவிலிருந்து மொரட்டுவைக்கோ ருஹுணைக்கோ போகும் ஒரு பிள்ளைக்குச் சிங்களமும் ஓடாது, ஆங்கிலமும் ஓடாது. அவனுக்குத் தெரிந்த மொழியில் பேசுபவர்கள் அந்தச் சீனியர்கள் மட்டும்தான்.

அதனால் எமது நாட்டில் பகிடிவதை பெரும்பாலும் மொழிக்குள்ளும் சமூகத்துக்குள்ளும் நடக்கிறது. நிழல் தரும் மரமே அடிக்கும் கம்பையும் தருகிறது. முறைப்பாடு செய்யப்போனால், ‘எங்கட ஆக்களையே காட்டிக்கொடுக்கிறான்’ என்ற பெயர் வந்துவிடும். மறுப்பவனோடு முழு பெட்ச்சும் நான்கு வருடம் பேசக்கூடாது என்று ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அமெரிக்கச் சங்கங்களுக்குக் கிரேக்க எழுத்தும் பெரிய வீடும் தேவைப்படுகின்றன. எமக்கு ஒரு வாடகை அறையும் இந்த பயமுமே போதும்.

பகிடிவதையை நியாயப்படுத்துபவர்களும் ஒரு வாதம் வைக்கிறார்கள். பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே மாதிரி உடுத்து, ஒரே மாதிரி நடந்து, தலைக்கனம் குறைந்து ஒற்றுமையாகிறார்கள் என்பது அந்த வாதம். இதை இலேசாகத் தள்ளிவிடக்கூடாது. ஏழைப் பிள்ளைகள் பலருக்கு அந்த ஒற்றுமையில் உண்மையான ஈர்ப்பு இருக்கிறது. ஆனால் வசதியுள்ள பிள்ளை சகிக்க முடியாவிட்டால் தனியார் கல்விக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவான். திரும்பிப் போக வேறு கதவு இல்லாதவன் மீனவனின் மகன்தான். சமத்துவம் என்ற பெயரில் கடைசியில் வெளியேற்றப்படுவதும் அவனே. சமத்துவம் வேண்டுமென்றால் எல்லோருக்கும் நோட்ஸைக் கொடுங்கள், எல்லோருக்கும் அறை தேடிக் கொடுங்கள். அதற்கு யாரையும் இரவில் நிற்கவைக்கத் தேவையில்லை.

வெட்கம் உயிரை எடுக்கக் கூடாது

மதுவைப் பற்றி ஒரு விடயத்தைத் திறந்து பேச வேண்டியிருக்கிறது. எமது பிள்ளைகளிலும் சிலர் குடிக்கிறார்கள், சிலர் குடிக்க வைக்கப்படுகிறார்கள். அப்படி ஒரு பிள்ளை அளவு மீறிப்போய் விழுந்து கிடந்தால், கூட இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? மற்றச் சமூகத்துப் பிள்ளைக்கு வரும் பயத்தோடு, எமது பிள்ளைக்கு இன்னொரு பயமும் சேர்கிறது. ‘வீட்டுக்குத் தெரிந்தால், ஊருக்குத் தெரிந்தால், பள்ளிவாசலில் பேச்சு வந்தால்’ என்று யோசித்து அறைக் கதவைப் பூட்டி, ‘நித்திரை கொண்டால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவார்கள். பியாசாவை 12 மணித்தியாலங்கள் சோபாவில் விட்டவர்களும் இப்படித்தான் யோசித்தார்கள்.

நித்திரை கொண்டால் சரியாகாது. குடிப்பதை நிறுத்திய பின்னரும் வயிற்றில் இருக்கும் மது இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். எழுப்பியும் எழும்பாவிட்டால், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், உடம்பு குளிர்ந்து உதடு நீலமாக மாறினால், அது உயிராபத்து. மல்லாக்கப் படுக்க விட்டால் வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, தனியே விடாமல், உடனே 1990 ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும். விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பியாசாவின் பெயரில் 2018 இல் பென்சில்வேனியா கொண்டுவந்த சட்டம், உதவிக்கு அழைத்து இறுதிவரை கூட நிற்கும் மாணவனுக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பு வழங்குகிறது. எமது வீடுகளும் அப்படியொரு பாதுகாப்பை வாயால் சொல்லி வைக்க வேண்டும். ஹராமைச் செய்தவனும் தௌபா செய்ய உயிரோடு இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பெற்றோர்கள் பிள்ளையை அனுப்பும் முன் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பலாம். ‘எந்த நேரமானாலும் எடு, என்ன செய்திருந்தாலும் ஏசமாட்டேன், வந்து கூட்டிக்கொண்டு போவேன்.’ ‘படிப்பை விட்டாலும் பரவாயில்லை, உன்னை யாரும் கேவலப்படுத்த இடம் கொடுக்காதே.’ ‘கொஞ்சம் பொறுத்துக்கொள், எல்லோரும் பட்டதுதானே’ என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். அதுதான் சீனியர் சொல்லும் வார்த்தையும்.

பல்கலைக்கழகங்களில் இயங்கும் முஸ்லிம் மஜ்லிஸ்களுக்கு இதில் பெரும் பொறுப்பு இருக்கிறது. இப்தாரும் மார்க்கச் சொற்பொழிவும் ஒழுங்கு செய்வதோடு, புதிய மாணவர் வரும் முதல் வாரத்திலேயே அறை, நோட்ஸ், வினாத்தாள் ஆகியவற்றை நிபந்தனையின்றிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தால், வதைப்பவனின் கையிலுள்ள ஆயுதம் பறிபோய்விடும். அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிய எமது பொறியியலாளர்களும் வைத்தியர்களும் ஊருக்கு ஒரு தொலைபேசி இலக்கத்தையாவது பொறுப்பேற்கலாம். முறைப்பாட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்காகப் பேச ஒரு பெரிய மனிதர் இருந்தால் போதும்.

எமது மாவட்டத்திலேயே கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே வந்து வாடகை அறைகளில் தங்குகிறார்கள். அறை கொடுப்பவர்கள் நாம். இரவில் சீனியர்கள் கூட்டமாக வந்தால் கதவைத் திறந்துவிட்டுத் தூங்கப்போகும் வீட்டுக்காரராக இருக்கப்போகிறோமா, ‘இந்த நேரத்தில் என்ன வேலை தம்பி’ என்று கேட்கும் வீட்டுக்காரராக இருக்கப்போகிறோமா என்பது எமது கையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதை வாசிக்கும் பெற்றோரில் பலருடைய பிள்ளை இப்போது இரண்டாம் வருடத்தில் இருக்கலாம். முதல் வருடத்தில் அவன் பட்டதைக் கேட்டு அழுதிருப்பீர்கள். புதிய அணி வந்திருக்கும் இந்த நாட்களில் அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டீர்களா? அநியாயம் செய்பவனின் கையைப் பிடித்து நிறுத்துவதும் அவனுக்குச் செய்யும் உதவிதான் என்று ஜும்ஆ மேடைகளில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இன்றிரவு மகனுக்கோ மகளுக்கோ அழைப்பு எடுக்கும்போது, சாப்பிட்டாயா, தொழுதாயா என்று கேட்ட பிறகு, இதையும் கேளுங்கள்: “புதுப் பிள்ளைகளுக்கு நீ என்ன செய்தாய்?”